சோனாரை விடலாமா, வச்சுக்கலாமா

பாட்டு ரெகார்ட் பண்ற சாஃப்ட்வேரை மாத்தலாமா வேணாமான்னு எங்கயாச்சும் ஒருத்தர் வாயைத் திறந்தா போதும், உடனே சண்டை ஆரம்பிச்சிரும். ஒருத்தர் லாஜிக்கை விட்டா வேற இல்லம்பார், இன்னொருத்தர் மிடிக்கு, அதாவது வாசிச்ச ஸ்வரத்தைச் சத்தமா இல்லாம குறிப்பா பதிஞ்சு வைக்கற முறைக்கு, க்யூபேஸ் தான் ராஜாம்பார், சினிமா மிக்ஸிங் பக்கம் இருக்கறவர் புரோ டூல்ஸ் தெரியாம இந்தத் தொழிலுக்கே வராதீங்கம்பார், பீட் போடுற பசங்க எஃப்எல் ஸ்டுடியோவை விட்டு அசைய மாட்டாங்க. அவங்கவங்க வேலைக்கு அவங்கவங்க சொல்றது சரிதான். ஆனா இந்தப் பேச்சு எல்லாமே இனிமே பண்ணப் போற பாட்டைப் பத்தினது. ஏற்கனவே பண்ணி முடிச்சு ஹார்ட் டிஸ்க்ல கிடக்கற பாட்டு என்ன ஆகும்னு கேட்டா பேச்சு அப்படியே நின்னுரும். எனக்கு அதுதான் முக்கியமான கேள்வியா இருந்துச்சு, அதனாலதான் இதை இவ்வளவு நீளமா எழுதுறேன்.

மதுரைப் பக்கம் வீட்டுலயே ஒரு ரூமை ஸ்டுடியோவா வச்சு வேலை பாக்குறேன். பெரும்பாலும் கோயில் பாட்டு. பங்குனி, சித்திரை, வைகாசில ஊர்ப் பொங்கலும் முளைப்பாரியும், ஆடியில அம்மன், கார்த்திகை பொறக்கறதுக்கு முன்னாடி ஐயப்பன், தைப்பூசத்துக்கு முருகன். நடுவுல கடை விளம்பரம், குறும்படத்துக்குப் பின்னணி இசைன்னு ஏதாவது வரும். இது அத்தனையும் கேக்வாக் கம்பெனியோட சோனார்ங்கற ரெகார்டிங் சாஃப்ட்வேர்ல தான் பண்ணேன். சோனார் 8.5 காலத்துல ஆரம்பிச்சு எக்ஸ் வரிசை, பிளாட்டினம், அப்புறம் பேண்ட்லேப் கையில போனதுக்கு அப்புறம் வந்த கேக்வாக் வரைக்கும், பேரு மாறுச்சே தவிர நான் மாறல.

இந்தத் தொழில்ல பழைய ப்ராஜெக்ட்டைத் திறக்கறதுங்கறது ஏதோ ஆசைக்குத் திறந்து பாக்கற விஷயம் இல்ல. விழாக் கமிட்டிக்காரங்க வருவாங்க. "தம்பி, பக்கத்து ஊருக்குப் போட்டுக் குடுத்தீங்கள்ல, அதே பாட்டு தான் எங்களுக்கும் வேணும், ஊர் பேரை மட்டும் மாத்தி எங்க ஆத்தா பேரைப் போட்டுக் குடுங்க, எம்புட்டு ஆகும்?" இதான் வருசா வருசம் வர்ற வேலை. கேக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை மாத்தற வேலை மாதிரி தெரியும். மேலூர்னு வந்த இடத்துல திருப்பாச்சேத்தின்னு வரணும்னா அந்த வரி தாளத்துல உக்காரவே உக்காராது, பேரை இழுத்தோ சுருக்கியோ பாடணும், அதுக்கு ஏத்தாப்புல முன்னாடி வரி கொஞ்சம் சீக்கிரம் முடியணும், கோரஸ்ல நாலு பேரு அதே பேரைச் சொல்ற இடத்தையும் திரும்ப எடுக்கணும். எல்லாம் எடுத்ததுக்கு அப்புறம் புதுசா பாடின ஒரு வரி பழைய குரலோட ஒட்டி நிக்கணும். அதே மைக், அதே தூரம் மட்டும் பத்தாது, அன்னைக்குப் போட்ட எஃபெக்ட், அதாவது சத்தத்தைச் சமப்படுத்தற கம்ப்ரசர், கனத்தையும் கீச்சையும் சரி பண்ற ஈக்யூ, எதிரொலி குடுக்கற ரிவெர்ப் எல்லாமே அதே அளவுல இருக்கணும். கொஞ்சம் வித்தியாசம் இருந்தாலும் ஸ்பீக்கர் செட்ல கொடிக்கம்பத்துல கட்டின ஹார்ன்ல பாடும்போது அந்த ஒரு வரி மட்டும் தனியாத் துருத்திக்கிட்டு நிக்கும்.

அதனால எனக்கு சாஃப்ட்வேர்னா முதல் தகுதி இதுதான்: பத்து வருசம் கழிச்சு அதே பாட்டை அதே நிலையில திறக்க முடியணும். மத்த எல்லாம் அதுக்கு அப்புறம்.

இதுக்கு யாராச்சும் உத்தரவாதம் தர முடியுமான்னு இந்தத் தொழிலோட சரித்திரத்தைப் பாத்தா கொஞ்சம் பயமா தான் இருக்கும். மிடியையும் நிஜ ஆடியோவையும் ஒரே திரையில கொண்டு வந்த முதல் சாஃப்ட்வேர் ஆப்கோட் கம்பெனியோட ஸ்டுடியோ விஷன், 1990ல வந்துச்சு, அந்தக் காலத்து மேக் கம்ப்யூட்டர்ல வேலை பாத்தவங்க அதை அப்படிக் கொண்டாடுனாங்க. 1998ல கிட்டார் கம்பெனி கிப்சன் ஆப்கோடை வாங்குச்சு, அடுத்த வருசமே அதோட வேலை நின்னு போச்சு. லாஜிக்கை எடுத்துக்குங்க. அது ஜெர்மனியில எமாஜிக்னு ஒரு கம்பெனி பண்ணது, விண்டோஸ்லயும் ஓடிக்கிட்டு இருந்துச்சு. 2002 ஜூலைல ஆப்பிள் எமாஜிக்கை வாங்குச்சு, அதே வருசம் செப்டம்பரோட விண்டோஸ் லாஜிக்குக்கு முடிவு கட்டியாச்சு. விண்டோஸ்ல லாஜிக் வச்சு வேலை பாத்துக்கிட்டு இருந்தவங்க ஒண்ணு மேக் வாங்கணும், இல்லைன்னா வேற சாஃப்ட்வேர் பாக்கணும். அவங்க சாஃப்ட்வேர்ல எந்தக் குறையும் இல்ல, நல்லாத் தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு.

என்னோட கேக்வாக் கதையும் அதே மாதிரி தான். 1987ல கிரெக் ஹெண்டர்ஷாட்ங்கறவர் அமெரிக்காவுல பாஸ்டன் பக்கம் டாஸ் கம்ப்யூட்டருக்குன்னு எழுதுன மிடி சாஃப்ட்வேர் அது. 2001ல சோனார் ஆச்சு. 2008ல ரோலண்ட் கைக்குப் போச்சு, 2013ல ரோலண்ட் கிட்ட இருந்து கிப்சனுக்கு, ஆமா அதே கிப்சன். 2016ல பிளாட்டினம் வச்சிருக்கறவங்களுக்கு வாழ்நாள் முழுக்க அப்டேட்னு ஒரு திட்டம் விட்டாங்க. 2017 நவம்பர்ல கேக்வாக்கை இனிமே வளர்க்கப் போறது இல்லன்னு கிப்சன் அறிவிச்சுருச்சு, அங்க வேலை பாத்தவங்களை வீட்டுக்கு அனுப்பியாச்சு. அடுத்த வருசம் மே மாசம் கிப்சனே திவால் பாதுகாப்புக் கேட்டு கோர்ட்டுக்குப் போச்சு. அதுக்குள்ள பிப்ரவரியில சிங்கப்பூர் பேண்ட்லேப் கம்பெனி கேக்வாக்கோட சொத்தை எல்லாம் வாங்கி, பழைய பொறியாளர்கள்ல சிலரைத் திரும்பக் கூப்பிட்டு, ஏப்ரல்லயே சோனாரை இலவசமா விட்டாங்க. உலகத்துல இந்த மாதிரி செத்துப் பொழச்ச சாஃப்ட்வேர் ரொம்பக் கம்மி. அப்புறம் 2023ல புது சோனார் வரப்போகுதுன்னு சொன்னாங்க, 2025ல அதுக்கும் ஒரு இலவசப் பதிப்பு வந்துச்சு. என் பழைய ப்ராஜெக்ட் அதுலயும் திறக்குது.

அப்ப ஏன் மாறணும்? இந்தக் கேள்வியை என் வீட்டுலயே கேட்டாங்க. நல்லா ஓடுது, காசும் கேக்கல, பழசும் திறக்குதுல்லன்னாங்க. கேள்வி நியாயமானது தான். ஆனா 2017 நவம்பர்ல இருந்து 2018 ஏப்ரல் வரைக்கும் அந்த இடைவெளியை நான் மறக்கல. அந்த மாசங்கள்ல என் ஹார்ட் டிஸ்க்ல இருந்த ஒவ்வொரு அம்மன் பாட்டும் யாரோ ஒரு கம்பெனி சர்வரை ஓட விடற வரைக்கும் தான் எனக்குச் சொந்தம்ங்கற மாதிரி இருந்துச்சு. கம்ப்யூட்டர் பழுதாகி புதுசுல ஏத்தணும்னா ஆக்டிவேஷன் கேக்கும், அந்த சர்வர் இருக்கணும். பேண்ட்லேப் வந்து காப்பாத்துனாங்க, அதுக்கு நான் மனசார நன்றி சொல்றேன். அடுத்த தடவை யாராச்சும் வருவாங்கன்னு வச்சுத் தொழில் பண்ண முடியாது. போதாததுக்கு 2025 அக்டோபரோட விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவும் முடிஞ்சிருச்சு, என் பழைய சிஸ்டம் 11க்குப் போகாது. எப்படியும் புது சிஸ்டம் வாங்கப் போறோம், இந்த நேரத்துலயாச்சும் உக்காந்து யோசிக்கலாம்னு தான் ஆரம்பிச்சேன்.

முதல்ல ஒரு மூடநம்பிக்கையைத் தள்ளி வச்சிரலாம். இந்த சாஃப்ட்வேர்ல மிக்ஸ் பண்ணா சவுண்டு தடிமனா இருக்கும், அதுல பண்ணா அகலமா இருக்கும்னு பேசுவாங்க. இதை வீட்டுலயே சோதிக்கலாம். ஒரே வேவ் ஃபைல்களை ரெண்டு சாஃப்ட்வேர்லயும் போட்டு, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கற ஃபேடர் எல்லாத்தையும் ஜீரோவுல வச்சு, ப்ளகின், அதாவது சாஃப்ட்வேருக்குள்ள சொருகற எஃபெக்ட், வாத்தியம் ஒண்ணு கூட இல்லாம, 32 பிட் ஃப்ளோட்ல ரெண்டுலயும் எக்ஸ்போர்ட் பண்ணுங்க. அப்புறம் ரெண்டு ஃபைலையும் பக்கத்துப் பக்கத்து ட்ராக்ல வச்சு ஒண்ணுக்கு மட்டும் ஃபேஸைத் திருப்பி, அதாவது அலையைத் தலைகீழாக்கி விட்டு ப்ளே பண்ணுங்க. ரெண்டும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டு சத்தமே வராது, மீட்டர் அசையாது. சோனாரையும், பின்னாடி சொல்லப் போற ரீப்பர்ங்கற சாஃப்ட்வேரையும் வச்சு நான் பண்ணிப் பாத்தேன், முழு நிசப்தம். அசைஞ்சுதுன்னா பெரும்பாலும் பான் லா தான் காரணம். நடுவுல இருக்கற ட்ராக்கை எத்தனை டெசிபல் குறைக்கணும்ங்கறது ஒவ்வொரு சாஃப்ட்வேர்லயும் ஒவ்வொரு மாதிரி வச்சிருப்பாங்க, அதை ஒரே மாதிரி வச்சிட்டா சரியாயிரும். ஆக சவுண்டுக்காக யாரும் மாற வேண்டியதும் இல்ல, சவுண்டுக்காக யாரும் மாறாம இருக்க வேண்டியதும் இல்ல.

லாஜிக் பக்கமும் போய்ப் பாத்தேன். சென்னையில பாதிப் பேரு அதுல தான் இருக்காங்க, ரஹ்மானோட கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரியில பிள்ளைங்களுக்கு அதைத் தான் சொல்லித் தராங்க. 200 டாலர் ஒரு தடவை குடுத்தா போதும், 2013ல லாஜிக் ப்ரோ எக்ஸ் வாங்கினவங்களுக்கு இன்னிக்கு வரைக்கும் அப்டேட்டுக்குக் காசு கேக்கல, உள்ள வர்ற வாத்தியங்களும் எஃபெக்ட்டும் அந்த விலைக்கு நம்பவே முடியாத சரக்கு. எம்4 மேக் மினி இங்க 59,900 ரூபாய்க்கு வந்தப்ப நானும் கணக்குப் போட்டேன். ஆனா லாஜிக்கோட அந்த அருமையான வாத்தியங்கள் லாஜிக்குக்கு வெளிய ஓடாது. இன்னிக்கு ஒரு பாட்டை அதோட ஆல்கெமியில வாசிச்சு அதோட ஸ்பேஸ் டிசைனர்ல ரிவெர்ப் போட்டேன்னா, அந்தப் பாட்டு காலத்துக்கும் ஆப்பிள் வீட்டுல தான் குடியிருக்கணும். விண்டோஸ்காரங்களுக்கு 2002ல ஆனதை நினைச்சா எனக்கு அது ஒத்து வரல. க்யூபேஸ் மேல எனக்கு மரியாதை உண்டு, ப்ளகின் சொருகற விஎஸ்டிங்கற முறையை 1996ல உலகத்துக்குக் குடுத்ததே க்யூபேஸ் பண்ற ஸ்டெயின்பெர்க் தான், இன்னிக்கு நாம எல்லாரும் போடுற ப்ளகின் எல்லாம் அந்த வழியில வந்தது. லைசென்ஸுக்காக யூஎஸ்பியில சொருகுற அந்த டாங்கிலும் 2022ல க்யூபேஸ் 12 வந்ததோட போயிருச்சு. விலையும் அப்பப்ப வர்ற அப்கிரேடு காசும் என் வருமானத்துக்குக் கொஞ்சம் கனம், அவ்வளவு தான் அதுல குறை.

கடைசியில ரீப்பர். இதை எழுதுனவர் ஜஸ்டின் ஃப்ராங்கெல், நம்ம எல்லாரும் எம்பி3 கேட்டு வளர்ந்த வின்ஆம்ப் பண்ண அதே ஆளு. சின்னக் கம்பெனி. 60 நாள் சும்மா ஓட்டிப் பாக்கலாம், வருசத்துக்கு 20,000 டாலருக்குள்ள தொழில் பண்றவங்களுக்கு லைசென்ஸ் 60 டாலர், நம்ம காசுக்கு அஞ்சாயிரத்துச் சொச்சம், அதுலயே ரெண்டு முழுப் பதிப்பு வரைக்கும் ஓடும். என்னை இழுத்தது விலை இல்ல. ஒரு ரீப்பர் ப்ராஜெக்ட் ஃபைலை எடுத்து நோட்பேட்ல திறந்தேன். திறந்துச்சு. படிக்கவும் முடிஞ்சுது. ட்ராக்னு ஒரு வரி, அதுக்குக் கீழ நான் வச்ச பேரு "பம்பை", அதுக்கும் கீழ அந்தத் துண்டு எத்தனாவது நொடியில ஆரம்பிக்குதுன்னு ஒரு எண், அது எந்த வேவ் ஃபைல்னு ஒரு பேரு. அவ்வளவும் வெறும் எழுத்து. ப்ளகின் செட்டிங் மட்டும் நமக்குப் புரியாத எழுத்துக் குவியலா இருக்கும், மத்தது எல்லாம் கண்ணால படிக்கலாம். நாளைக்கு ரீப்பர்ங்கற ஒண்ணே உலகத்துல இல்லாமப் போனாலும், இந்த ஃபைலையும் வேவ் ஃபைல்களையும் வச்சுக்கிட்டு ஒரு ஆளு உக்காந்து வேற எதுலயாச்சும் அதே இடத்துல அடுக்கிர முடியும். லைசென்ஸ் நம்ம கிட்ட இருக்கற ஒரு சின்ன ஃபைல், இன்டர்நெட் இல்லாமலே வேலை பாக்கும். பழைய பதிப்பு எல்லாத்தையும் டவுன்லோடுக்கு அப்படியே வச்சிருக்காங்க. ஒரு பென் டிரைவ்ல போர்ட்டபிளா ஏத்தி, பாட்டு இருக்கற ஹார்ட் டிஸ்க்குலயே சாஃப்ட்வேரையும் சேத்து வச்சிரலாம். எனக்கு இந்த இடத்துலயே பாதி முடிவு ஆயிருச்சு.

மீதிப் பாதி தான் கஷ்டம், ஏன்னா சோனார்ல இருந்து ஒரு பாட்டை வெளிய எடுக்கறது, வீடு காலி பண்றப்ப சுவத்துல பதிச்ச அலமாரியைப் பேத்து எடுக்கற மாதிரி வேலை. சாமான் எல்லாம் வரும், அது உக்காந்திருந்த விதம் வராது.

ஒரு முளைப்பாரிப் பாட்டை வச்சுப் பண்ணிப் பாத்தேன். உடுக்கை, பம்பை, தவில், உருமி, பெண் குரல், நாலு பேரு கோரஸ், கீபோர்டுல வாசிச்ச நாதஸ்வரம். இதுல தாளக்காரங்க யாரும் வேகம் காட்டற க்ளிக் சத்தம் கேட்டு வாசிக்க மாட்டாங்க, வாசிக்கவும் கூடாது, சாமி வர்ற இடத்துல பாட்டு தானா முடுக்கம் எடுக்கணும். அதனால அவங்களை முதல்ல வாசிக்க விட்டு, அப்புறம் சோனார்ல ஒவ்வொரு தாளத்தோட முதல் அடிக்கும் ஷிஃப்ட்டும் எம்மும் அழுத்தி இதுதான் இந்தத் தாளச் சுத்தோட ஆரம்பம்னு சொல்லிச் சொல்லி, வேகம் எங்கெங்க மாறுதுன்னு காட்டற டெம்போ மேப் போட்டிருந்தேன். அந்த மேப் போச்சுன்னா கீபோர்டு, நாதஸ்வரம் எல்லாம் தாளத்தை விட்டு நழுவிரும். நல்ல வேளையா டெம்போவும் தாளக் கணக்கும் மிடி ஃபைலுக்குள்ளயே போகும். மொத்தத்தையும் ஒரு மிடி ஃபைலா சேவ் பண்ணி ரீப்பர்ல இழுத்துப் போட்டப்ப டெம்போவையும் கொண்டு வரவான்னு கேட்டுச்சு, வந்துச்சு, உருமியோட சரியா உக்காந்துச்சு.

நாதஸ்வரம் தான் படுத்துச்சு. அந்த கமகம் எல்லாம் கீபோர்டுல ஸ்ருதியை வளைக்கற பிட்ச் பெண்ட் சக்கரத்தை உருட்டி வாசிச்சது. பெண்ட் எண்ணெல்லாம் மிடியோட பத்திரமா வந்திருச்சு, ஆனா முழுசா உருட்டினா எத்தனை ஸ்வர தூரம் போகணும்ங்கறது வாத்தியத்தோட செட்டிங், அது மிடியில வரல. சோனார்ல அதை அரை ஸ்வரக் கணக்குல அஞ்சுன்னு வச்சிருந்தேன், இங்க புதுசா ஏத்துனப்ப வாத்தியம் வழக்கமான ரெண்டுல நின்னுச்சு. கேட்டா நாதஸ்வரம் வாசிக்கற ஆளு மூச்சுப் பத்தாம முனகுற மாதிரி ஒவ்வொரு கமகமும் பாதியிலயே திரும்பி வந்துச்சு. எண்ணை மாத்தினதும் சரியாயிருச்சு. அஞ்சுங்கறது எனக்கு ஞாபகம் இருந்ததால சரியாச்சு, இதெல்லாம் எழுதி வைக்காத பாட்டு எத்தனை கிடக்குதோ.

குரல்ல இன்னொரு விஷயம். ஸ்ருதி திருத்தற மெலடைன்ல திருத்துன குரலை ப்ராஜெக்ட்டுக்குள்ளயே விட்டு வச்சிருந்தா, ஆடியோ ஃபோல்டர்ல இருக்கற வேவ் ஃபைல் திருத்தாத பழைய குரல் தான். ஃபோல்டரை காப்பி பண்ணியாச்சு, பாட்டு பத்திரம்னு நினைக்கறவங்க இதை மனசுல வச்சுக்கணும். ரெண்டர் பண்ணி, அதாவது புது வேவ் ஃபைலா எடுத்தா தான் திருத்தம் கூட வரும். சோனாரோட ப்ரோசேனல்ங்கறது அதுக்குள்ளயே இருக்கற ஈக்யூ, கம்ப்ரசர் வரிசை, அருமையானது, என்னோட எல்லாப் பாட்டுலயும் குரல் அதுல தான் போயிருக்கு, அது சோனாருக்கு வெளிய கிடையாது. அதனால ஒவ்வொரு குரலையும் ரெண்டு விதமா எடுத்தேன், ஒண்ணும் போடாத குரல் தனி, ப்ரோசேனலோட குரல் தனி. ரிவெர்ப் மட்டும் வர்ற பஸ்ங்கற பாதையையும் தனியா எடுத்தேன், ஏன்னா புதுசா ஊர் பேரைப் பாடுறப்ப அந்த ரிவெர்ப் எவ்வளவு வாலு விடுதுன்னு பக்கத்துல வச்சுக் கேட்டு ஒத்துக்கணும். ப்ரோசேனல் எண்களை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அதே ஃபோல்டர்ல போட்டேன். எல்லா ட்ராக்கும் பாட்டோட முதல் நொடியில இருந்து கடைசி நொடி வரைக்கும் ஒரே நீளம், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். இப்படி எடுத்தா எந்த சாஃப்ட்வேர்லயும் ஜீரோவுல கொண்டு போய்ப் போட்டா அப்படியே உக்காந்துரும்.

இடம் எவ்வளவு பிடிக்கும்னு கேப்பீங்க. அந்த அளவுல ஒரு மோனோ ட்ராக் நிமிசத்துக்கு எட்டரை எம்பிக்குக் கொஞ்சம் மேல வரும். அஞ்சு நிமிசப் பாட்டுல 40 ட்ராக்குன்னா 1.7 ஜிபி, எஃபெக்ட்டோட இன்னொரு செட்டும் எடுத்தா மூணரை ஜிபி கிட்ட. நாலு டிபி ஹார்ட் டிஸ்க்ல ஆயிரம் பாட்டுக்கு மேல நிக்கும். ரெண்டு ஹார்ட் டிஸ்க்கா வாங்கி ஒண்ணை வேற வீட்டுல வச்சிருங்க. இதுக்கு ஆகற செலவு ஒரு சுமாரான மைக் வாங்கற செலவு கூட இல்ல.

சாஃப்ட்வேருக்குச் சாஃப்ட்வேர் நேரடியாப் போற வழிகளும் இருக்கு. ஓஎம்எஃப், ஏஏஎஃப்ங்கற ஃபைல் வகை எல்லாம் சினிமா எடிட்டிங் பக்கத்துல இருந்து வந்தது, துண்டுகளையும் இடத்தையும் கொண்டு போகும், மிடியும் ப்ளகினும் வராது. 2023ல பிட்விக், ப்ரிசோனஸ்ங்கற ரெண்டு சாஃப்ட்வேர் கம்பெனியும் சேந்து டிஏடபிள்யூ ப்ராஜெக்ட்னு ஒரு பொது ஃபார்மட் கொண்டு வந்தாங்க, யாரு வேணா எடுத்துப் போட்டுக்கலாம்னு திறந்து விட்டுட்டாங்க, ப்ளகின் செட்டிங் வரைக்கும் கொண்டு போகப் பாக்குது. எல்லாக் கம்பெனியும் இதை ஏத்துக்கிட்டா நான் இவ்வளவு எழுத வேண்டிய தேவையே இருக்காது. அதுவரைக்கும் வேவும் மிடியும் தான் தெய்வம்.

அடுத்து விரல். இதை யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க, ஆனா பாடுறவங்க முன்னாடி உக்காந்து வேலை பாக்கறவங்களுக்குத் தெரியும். பாட்டு ஆரம்பத்துக்குப் போக டபிள்யூ, அது ரெண்டுலயும் ஒண்ணு தான். சோனார்ல ரெகார்டுக்கு ஆர் அழுத்துவோம், ரீப்பர்ல ஆர் அழுத்தினா ரிப்பீட் மாறும், ரெகார்டுக்கு கன்ட்ரோலும் சேத்து அழுத்தணும். ஒரு பாட்டி குலவை போடறதுக்கு வந்து மைக் முன்னாடி நிக்கும்போது, அவங்க சேந்தாப்புல ரெண்டு தடவை தான் நல்லாப் போடுவாங்க, அப்புறம் மூச்சு வாங்கும். அந்த நேரத்துல எந்த பட்டன்னு யோசிச்சுக்கிட்டு இருக்க முடியாது. ரீப்பர்ல எந்தச் சாவியையும் நம்ம இஷ்டத்துக்கு மாத்தலாம், அதனால முதல் வேலையா ஆரை ரெகார்டுக்கு மாத்திட்டேன். சிலபேரு புது சாஃப்ட்வேரோட வழியையே கத்துக்கணும்னு சொல்றாங்க, என் கைக்கு வயசாயிருச்சு, அதுக்குத் தெரிஞ்ச இடத்துல வேலையைக் குடுக்கறது தான் பாடுறவங்களுக்கு நான் பண்ற மரியாதை.

ரீப்பர்ல எனக்குப் பிடிக்காததையும் சொல்லிரணும். மிடி எடிட்டர் வேலை பாக்கும், ஆனா ஸ்வரத்தைக் கட்டம் கட்டமாக் காட்டற சோனாரோட பியானோ ரோல்ல இருந்த சுகம் இல்ல. வாத்தியம்னு சொல்லிக்கற மாதிரி கூட எதுவும் வராது, எல்லாம் நாமளே வெளிய தேடி வாங்கணும். மெனுவுக்குள்ள மெனுவுக்குள்ள மெனு. சோனார்ல ஒரு சேனலை மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தாலே அந்தக் குரலுக்கு என்னென்ன போட்டிருக்கோம்னு ஒரே பார்வையில தெரியும், அந்த அழகு இங்க இல்ல, அதை நான் தினமும் தேடுறேன்.

விசுவாசம்னு ஒரு வார்த்தை இந்தப் பேச்சுல அடிக்கடி வரும். கூட வேலை பாக்கற அண்ணன் ஒருத்தர், பழைய கேசட் காலத்துல இருந்து இந்தத் தொழில்ல இருக்கறவர், "சோறு போட்டதை விட்டுட்டுப் போறியேடா"ன்னே கேட்டுட்டார். அவர் சொன்னது எனக்கு உறைச்சுது. சோனார் எனக்குச் சோறு போட்டது உண்மை. எனக்கு மிக்ஸிங் சொல்லிக் குடுத்ததே அதோட ஹெல்ப் ஃபைலும் அந்தக் காலத்து ஃபோரத்துல முகம் தெரியாத ஆளுங்க பொறுமையா எழுதுன பதிலும் தான், டெம்போ மேப் போடறது எப்படின்னு யாரோ அமெரிக்காவுல ராத்திரி உக்காந்து எனக்கு எழுதியிருக்கார். அந்த நன்றி எனக்கு அந்த மனுசங்க மேல, அதை எழுதுன பொறியாளர்கள் மேல. அது எப்பவும் இருக்கும். ஆனா என்னை நம்பிப் பாடிட்டுப் போனவங்க இருக்காங்களே. பம்பை வாசிச்ச தாத்தா ஒருத்தர் இப்ப இல்ல, அவர் கை என்கிட்ட மட்டும் தான் தனி ட்ராக்கா இருக்கு, அவர் பேரன் வந்து கேட்டா நான் எடுத்துக் குடுக்கணும். கம்பெனி எது மாறினாலும் அந்த ட்ராக் திறக்கணும். அண்ணன் கிட்ட இதைத் தான் சொன்னேன், அவரும் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, அவர் கிட்ட இருக்கற டேட் டேப், அதாவது அந்தக் காலத்து டிஜிட்டல் கேசட், எல்லாத்தையும் மாத்தித் தர முடியுமான்னு கேட்டார். அது தனிப் பதிவா எழுத வேண்டிய வேலை, ஓடற டேட் ப்ளேயர் கிடைக்கறதே இப்ப குதிரைக்கொம்பு.

ஆக, நான் மாறியாச்சு. சீசன் நடுவுல மாறல, சீசன் நடுவுல யாரும் மாறாதீங்க, ஆடி மாசம் புது சாஃப்ட்வேரைக் கத்துக்கற மாசம் இல்ல. ஐப்பசிக்கும் தைக்கும் நடுவுல எனக்கு ஐயப்பன் பாட்டு வேலை இருக்கும்ங்கறதால புரட்டாசியில உக்காந்தேன். புதுப் பாட்டு எல்லாம் இப்ப ரீப்பர்ல. சோனாரையும் எடுத்துப் போடல, பழைய கம்ப்யூட்டர்ல அதை அப்படியே வச்சு, இன்டர்நெட்டைப் பிடுங்கி விட்டு, பழைய ப்ராஜெக்ட்டைத் திறக்கறதுக்கு மட்டும் வச்சிருக்கேன். புது சிஸ்டத்துலயும் சோனாரோட இலவசப் பதிப்பு இருக்கு. யாராச்சும் பழைய பாட்டு கேட்டு வந்தா முதல்ல சோனார்ல திறந்து, திறந்த கையோட ஸ்டெம் (தனித்தனி ட்ராக்கோட வேவ் ஃபைல்), மிடி, ஸ்க்ரீன்ஷாட் எல்லாத்தையும் எடுத்து வச்சிட்டு, ஊர் பேரு மாத்தற வேலையை ரீப்பர்ல பண்றேன். மொத்தத்தையும் ஒரே மூச்சுல மாத்தணும்னு உக்காந்தா பைத்தியம் பிடிச்சிரும், கேட்டு வர வர மாத்தறது தான் நடக்கற காரியம். கேட்டு வராததுல வயசான வாத்தியக்காரங்க வாசிச்ச பாட்டை மட்டும் முன்னாடி எடுத்துக்கிட்டு இருக்கேன்.

புதுசா ஆரம்பிக்கற தம்பி தங்கச்சிங்க எதுல ஆரம்பிக்கலாம்னு கேட்டா, உங்க பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுக்க ஆளு எதுல இருக்காங்களோ அதுல ஆரம்பிங்க. ஒவ்வொரு பாட்டு முடிஞ்சதும், காசு வாங்கறதுக்கு முன்னாடியே, ஸ்டெம் எடுத்துருங்க. ட்ராக்குக்கு "ஆடியோ 14"ன்னு பேரை விட்டுராம வாசிச்சவங்க பேரையும் வாத்தியத்தையும் போடுங்க, கீபோர்டு வாத்தியத்துக்கு பிட்ச் பெண்ட் எண்ணையும் பேரோட சேத்து எழுதிருங்க.

சோனார்ல நான் தவிலுக்கும் பம்பைக்கும் போட்டு வச்சிருந்த, எந்தச் சாவிக்கு எந்த அடின்னு சொல்ற ட்ரம் மேப்பு இன்னும் பாக்கி இருக்கு. ரீப்பர்ல அதை நோட் பேரு ஃபைலா கையால தான் தட்டிக்கிட்டு இருக்கேன், பாதி முடிஞ்சிருக்கு. முடிஞ்சதும் இங்கயே போடுறேன், கிராமியத் தாள வாத்தியம் வச்சு வேலை பாக்கற யாரு வேணா எடுத்துக்கலாம்.